தொட்டிப் பாறையில் படரும் பாசி

ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் 100 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இருந்தது குளத்து நீர் அன்று. லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைந்த கடல்நீர். இரண்டு கோமாளி மீன்கள், மூன்று நீல டாம்செல் மீன்கள், சில நத்தைகள், நுண்துளைகள் நிறைந்த செயற்கைப் பாறைத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு, அவற்றின் நடுவே பீங்கானில் செய்த ஒரு சிறு பாய்க்கப்பல். எட்டு மாதமாக மீன்கள் நலமாகவே இருந்தன. ஆனால் பாறைகளின் மேலும் கப்பலின் பாய்மரத்தின் மேலும் பச்சை நூல் போன்ற பாசி அடர்ந்து, தொட்டி பாழடைந்த கிணறு போலக் காட்சி தந்தது.

அறிவியல் கண்காட்சிக்கு நான்கு நாட்கள் இருந்தபோது மாணவர்கள் சிலர் துணிந்து வேலையில் இறங்கினார்கள். பாறைகள் அனைத்தையும் வெளியே எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஓர் இரவு ஊறவைத்தார்கள். காலையில் குழாய் நீரில் பலமுறை அலசி, மீண்டும் தொட்டியில் அடுக்கினார்கள். பாறைகள் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுத்துவிட்டன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் காலையில் டாம்செல் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கண்காட்சியன்று தொட்டியில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு கோமாளி மீன்தான்.

“குளோரின் மிச்சம் இருந்திருக்கும்” என்றே அனைவரும் சொன்னார்கள். நீரைச் சோதிக்க அழைக்கப்பட்ட நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் சோதனையில் குளோரின் அகப்படவில்லை. அகப்பட்டது அம்மோனியா, அதுவும் ஏராளமாக. அப்படியானால் அந்த மாணவர்கள் அலசியதில் குறை இல்லை. பிறகு தவறு எங்கே நேர்ந்தது? பாசியைச் சுத்தம் செய்வது என்றால் என்ன என்பதையே இந்தக் கேள்வி நம்மை யோசிக்க வைக்கிறது.

பாறை வெறும் கல் அன்று

மீன் உணவு உண்கிறது. அந்த உணவில் புரதம் உண்டு. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. மீன் தன் உடலுக்குத் தேவையானது போக எஞ்சிய நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. உண்ணாமல் கீழே விழுந்த உணவு அழுகினாலும் அம்மோனியாதான். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. கடலில் இது பிரச்சினையே இல்லை. மீன் ஒன்று, கடல் பெரிது. தொட்டியிலோ தன் கழிவிலேயே மீன் நீந்த வேண்டியிருக்கிறது.

மீனைக் காப்பாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. ரஷ்ய அறிஞர் செர்கை வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டையொட்டி மண்ணில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவை நீரில் மிதந்து திரிவதைவிட, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்புகின்றன. நுண்துளைகள் நிறைந்த பாறையை விட வசதியான வீடு அவற்றுக்கு ஏது? புதிய தொட்டியில் இந்தக் குடியிருப்பு நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தொட்டியை அமைத்தவுடன் மீன் வாங்கி விடுவதில்லை.

இப்போது விடை தெரிந்திருக்குமே! பிளீச்சிங் பவுடர் பாசியை மட்டுமா கொன்றது? எட்டு மாதக் குடியிருப்பை ஓர் இரவில் அழித்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. பாறையின் துளைகளுக்குள் வாழ்ந்த சிறு புழுக்கள், பாசியின் வேர் போன்ற பகுதிகள் எல்லாம் உள்ளேயே செத்துக் கிடந்தன. வெளியே வெண்மை, உள்ளே அழுகல். அந்த அழுகலின் அம்மோனியாவும் மீன்களின் அம்மோனியாவும் சேர்ந்தன. அவற்றை மாற்ற ஆள் இல்லை.

கடல்நீர்த் தொட்டியில் இந்த ஆபத்து நன்னீர்த் தொட்டியைவிட அதிகம். நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி; இது அவ்வளவு கொடியதன்று. மற்றது அயனியாகாத அம்மோனியா. இதுவே செவுள்களைத் துளைத்து உள்ளே செல்லும் நஞ்சு. நீரின் பி.எச். மதிப்பு ஓர் அலகு உயர்ந்தால் இந்த நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7 அளவில் இருக்கலாம். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை. வேறுபாட்டை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பாசி எதைத் தின்று வளர்கிறது?

பாசிக்கு வாய் இல்லை; ஒளியும், கார்பன் டை ஆக்சைடும், கரைந்த உப்புக்களும் போதும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதற்குப் பஞ்சாமிர்தம். அவற்றைத் தொட்டிக்குள் கொண்டுவருவது யார்? நாம்தான், தினந்தோறும், ஒரு சிட்டிகை உணவாக.

ஒரு கணக்குப் போடலாம். தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மீன் உணவில் 45 விழுக்காடு புரதம் என்று கொள்வோம். உணவு டப்பாவின் மேலேயே இந்த எண் அச்சிட்டிருக்கும். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக, ஒரு கிராம் உணவில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். நைட்ரஜனின் அணு எடை 14. நைட்ரேட் அயனியின் எடை 62. அவ்வளவு நைட்ரஜனும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 319 மில்லிகிராம் கிடைக்கும். 100 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 3.2 மில்லிகிராம். ஒரு நாளைக்கு இது என்றால் 30 நாட்களில் 96 மில்லிகிராம்! பவளப் பாறைகள் செழிக்கும் கடலில் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைவிட மிக மிகக் குறைவு.

உண்மையில் முழுவதும் நைட்ரேட்டாகச் சேர்வதில்லை. கொஞ்சம் மீனின் தசையாகிறது; கொஞ்சம் பாறையின் ஆழத்தில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வேறு பாக்டீரியாக்களால் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. மாதம் ஒருமுறை நீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுகிறோம். அது மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் இப்படிக் கணக்கிடலாம்: மாதந்தோறும் 96 சேர்கிறது, இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. பல மாதம் சென்று இரண்டும் சமமாகும் நிலையில் நீரை மாற்றுவதற்கு முன் எவ்வளவு இருக்கும்? 480 என்று விடை வரும். கணித ஆசிரியரிடம் பெருக்குத் தொடர் பாடம் நடக்கும்போது இதைக் கேளுங்கள், மகிழ்வார்.

இதையே பாசியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். உலர்ந்த பாசியில் நூற்றுக்கு மூன்று பங்கு நைட்ரஜன் என்றும், பச்சைப் பாசியில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்றும் தோராயமாக வைத்துக்கொள்வோம். 72 மில்லிகிராம் நைட்ரஜனைக் கொண்டு 24 கிராம் ஈரப்பாசி வளர முடியும். ஒரு கிராம் உணவு, ஒரு கைப்பிடிப் பாசி! பாசி எங்கிருந்தோ வந்த அழுக்கு அன்று. நீங்கள் போட்ட உணவுதான் பச்சை நிறத்தில் பாறைமேல் அமர்ந்திருக்கிறது.

ஆகவே தொட்டிக்குள்ளேயே பாசியைத் தேய்த்துவிட்டு, நூல்கள் நீரில் மிதக்க, “சுத்தமாகிவிட்டது” என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? துண்டுகள் மூலைகளில் அழுகும். அவற்றின் நைட்ரஜன் மீண்டும் அம்மோனியாவாகி, நைட்ரேட்டாகி, இரண்டு வாரத்தில் புதிய பாசியாகும். சில பாசிகளின் துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகவே வளரும். தேய்ப்பது பாதி வேலை. பறித்ததைத் தொட்டிக்கு வெளியே கொண்டுபோவதே மீதி வேலை. சொல்லப்போனால் அதுதான் முக்கியமான வேலை.

முதலில் அடையாளம் காணுங்கள்

தொட்டியில் காணும் படிவுகள் எல்லாம் ஒன்றல்ல. பழுப்பு நிறத்தில் மாவு தூவியது போல் படிந்து, விரல் பட்டால் கலைந்துபோவது டயாட்டம். இதன் செல்சுவர் சிலிக்காவால் ஆனது. புதிய தொட்டிகளில் முதலில் தோன்றுவது இதுவே. பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறைந்துவிடும். குறையாமல் மீண்டும் மீண்டும் வந்தால் நீங்கள் ஊற்றும் நீரைச் சந்தேகியுங்கள். கருங்கல் நிலத்துக் கிணற்று நீரில் சிலிக்கா கரைந்திருக்கும். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கும். குறைந்த நீரை ஈடுகட்ட நன்னீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் வாலை வடிநீராக இருப்பது நல்லது.

கரும்சிவப்பு நிறத்தில், வழவழப்பான தோல் போலப் பாறையைப் போர்த்தி, நடுவே காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்தால் அது உண்மையில் பாசியே அன்று, பாக்டீரியா இனம். நீலப்பச்சைப் பாசி என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதன் உறவு. பெயர் நீலப்பச்சை, நிறம் சிவப்பு. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லாதீர்கள், அந்தக் கூட்டத்தில் எல்லா நிறமும் உண்டு. இதைத் தேய்க்கக் கூடாது. மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையை அதன்மேல் வைத்து, மறுமுனையைக் கீழே உள்ள வாளியில் விட்டு, தோலை உரிப்பது போல் உறிஞ்சி எடுக்க வேண்டும். நீரோட்டம் குறைந்த மூலைகளில் இது விரும்பி வளரும் என்பதால், பம்பின் வாயை அந்தப் பக்கம் திருப்பி வைப்பதும் பயன் தரும்.

பச்சைக் கண்ணாடி மணிகள் போல உருண்டையாக இருப்பது வலோனியா. ஒரு மணி முழுவதும் ஒரே செல்! நுண்ணோக்கி இல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய, சில சமயம் கோலிக்குண்டு அளவுக்கு வளரும் செல். இதை உயிரியல் ஆசிரியரிடம் காட்டாமல் எறிந்துவிடாதீர்கள். எடுக்கும்போது உடைக்காமல், அடியோடு நெம்பி எடுப்பது நல்லது.

இளஞ்சிவப்பிலோ ஊதாவிலோ பாறையோடு பாறையாக, வண்ணம் பூசியது போலக் கெட்டியாகப் படர்ந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அது சுண்ணப்பாசி. தன் உடலில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கும் சிவப்புப் பாசி வகை. கடலில் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்ட் போல ஒட்டவைத்துப் பாறையாக்குவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சுண்ணப்பாசி படர்ந்த இடத்தில் நூல்பாசி எளிதில் காலூன்றாது. அழகுக்காக இதைச் சுரண்டி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெறும் கல்லை விரித்து வைத்து நூல்பாசிக்கு வரவேற்புக் கொடுத்தவர்கள்.

கடைசியாக நம் பள்ளித் தொட்டியின் எதிரி: பச்சை நூல்பாசி. இதைக் கையால்தான் வெல்ல வேண்டும்.

சுத்தம் செய்யும் நாள்

முதலில் பம்பு, விளக்கு, வெப்பமூட்டி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டியில் கைவிடும் முன் இதைச் செய்யாதவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். கையில் சோப்பு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. கீறல் இருந்தால் ரப்பர் கையுறை கட்டாயம். மீன்தொட்டி நீரில் தோலைப் பாதிக்கும் கிருமிகளும் உண்டு.

வழக்கமாக நீர் மாற்றும் நாளையே இதற்குத் தேர்ந்தெடுங்கள். தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய நீரை இரண்டு வாளிகளில் பாதிப் பாதி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பாறைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியே எடுங்கள். மற்றவை தொட்டியிலேயே இருந்து அம்மோனியாவைக் கவனித்துக்கொள்ளட்டும். நீளமான நூல்களை விரல்களால் வேரோடு பிடித்துப் பறியுங்கள். பிறகு, சோப்புப் படாத புதிய பல்துலக்கும் பிரஷ்ஷால் முதல் வாளி நீருக்குள்ளேயே பாறையைத் தேய்த்து, இரண்டாம் வாளியில் முக்கி அலசி, தொட்டியில் வையுங்கள். பாறையைக் குழாய் நீரில் காட்டாதீர்கள். கடல்நீரில் வாழும் பாக்டீரியாவின் மேல் நன்னீர் பட்டால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து அது ஊதிப் பாதிக்கப்படும். நகரக் குழாய் நீரில் குளோரினும் இருக்கும்.

பெரிய பாறையை அசைக்க முடியாவிட்டால் வேறு வழி உண்டு. ரப்பர் குழாயின் முனையோடு பிரஷ்ஷைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். நீங்கள் தேய்க்கத் தேய்க்க, கிளம்பும் துண்டுகளைக் குழாய் உடனே உறிஞ்சி வாளிக்குள் சேர்த்துவிடும். இந்த எளிய சாதனம் கடையில் விற்கும் பல கருவிகளைவிட மேல். மூன்று வாரம் கழித்து அடுத்த பங்கு, பிறகு மீதிப் பங்கு. அவசரம் வேண்டாம்.

விளக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். தொட்டி சன்னல் ஓரம் இருந்தால் இடம் மாற்றுங்கள். உணவு, இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் வேண்டாம்.

கப்பலும் சிப்பியும்

பீங்கான் கப்பல், பிளாஸ்டிக் செடி போன்ற உயிரற்ற அலங்காரப் பொருள்களின் கதை வேறு. இவற்றை வெளுப்பானில் இடலாம். வாசனை கலக்காத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு. பதினைந்து நிமிடம் போதும். திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். பிறகு நன்றாக அலசி, ‘ஹைப்போ’ என்று புகைப்படக்காரர்கள் அழைக்கும் சோடியம் தயோசல்பேட் ஒரு சிறு கரண்டி கரைத்த ஒரு வாளி நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் மிஞ்சிய குளோரின் செயலிழந்துவிடும். மீண்டும் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தொட்டியில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வெளுப்பானோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அமிலம் பட்டதும் ஹைப்போகுளோரைட்டிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915-ஆம் ஆண்டு போர்க்களத்தில் நச்சு வாயுவாக விடப்பட்ட அதே குளோரின். “இரண்டும் சுத்தம் செய்பவைதானே, சேர்த்தால் இன்னும் சுத்தமாகும்” என்று எண்ணி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

கண்ணாடியிலும் பம்பிலும் படியும் வெண்மையான சுண்ணப் படிவுக்கு வினிகர் தனியே நல்லது. ஆனால் சிப்பி, சங்கு, பவள எலும்புக்கூடு ஆகியவற்றை வினிகரில் போடாதீர்கள். அவை கால்சியம் கார்பனேட். ஐயமிருந்தால் ஒரு சிறு சிப்பித் துண்டைக் கிண்ணத்தில் வினிகர் ஊற்றிப் போட்டுப் பாருங்கள். குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு, கரைந்துகொண்டிருப்பது உங்கள் சிப்பி.

பாறையைக் கொதிக்கவைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. ஹவாய்த் தீவுகளில் மவுய் என்ற தீவின் ஹானா என்னுமிடத்தில், ஒரு சிறு கடற்குட்டையில் வளர்ந்த ஒன்றை ‘ஹானாவின் கொலைப்பாசி’ என்று அத்தீவு மக்கள் அஞ்சினார்கள். ஆராய்ந்தபோது அது பாசி அன்று, பவளத்தின் உறவினமான பாலிதோவா என்ற விலங்கு என்று தெரிந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சைப் பற்றி 1971-ஆம் ஆண்டு ஹவாய் பல்கலைக்கழகத்தின் மூரும் ஷோயரும் உலகுக்கு அறிவித்தார்கள். இதன் உறவினங்கள் சில, கடலிலிருந்து வந்த தொட்டிப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வருகின்றன; பார்ப்பதற்குச் சிறு பொத்தான் பூக்கள் போல இருக்கும். அத்தகைய பாறையைக் கொதிக்க வைத்தோ, சுடுநீர் ஊற்றித் தேய்த்தோ, எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் பலர்.

நத்தை வேலைக்காரனும், பாசித் தோட்டமும்

நம் வேலையை வேறு யாராவது செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! லண்டனைச் சேர்ந்த வேதியியலார் ராபர்ட் வாரிங்டனும் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். தங்கமீன்கள் இரண்டும் வாலிஸ்னேரியா செடியும் வைத்த கண்ணாடித் தொட்டியில் இலைகள் அழுகி, வழவழப்புப் படிந்து நீர் கலங்கியபோது, அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. 1850-ஆம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார். வீட்டுத் தொட்டி வளர்ப்பின் தொடக்கம் என்று இதைப் பலரும் சொல்வார்கள்.

கடல்நீர்த் தொட்டியிலும் நத்தை, கடல் முள்ளெலி, ஓரா மீன் முதலியவை நூல்பாசியை மேய்கின்றன. நல்ல வேலைக்காரர்கள்தாம். ஆனால் மேய்ந்தது எங்கே போகிறது? கொஞ்சம் உடலாகிறது, மீதி கழிவாகத் தொட்டிக்கே திரும்புகிறது. நத்தை பாசியைக் குட்டையாக வைத்திருக்கும், கணக்கைத் தீர்க்காது.

கணக்கைத் தீர்க்க ஓர் அறிஞர் பாசியையே வேலைக்கு அமர்த்தினார். வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980-ஆம் ஆண்டு உயிருள்ள பவளப்பாறைத் தொட்டி ஒன்று திறக்கப்பட்டது. அமைத்தவர் வால்டர் ஏடி. சுண்ணப்பாசிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். நீரைத் தூய்மைப்படுத்த அவர் தொட்டிக்கு வெளியே தட்டையான வலைகளை வைத்து, அவற்றின் மேல் நீரை அலையலையாகப் பாய்ச்சி, பலமான விளக்கின் கீழ் வேண்டுமென்றே பாசியை வளர்த்தார்! வலையில் வளர்ந்த பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொண்டது. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை வலையை எடுத்துச் சுரண்டி, பாசியை வெளியேற்றினார்கள். தொட்டியில் இரவாக இருக்கும்போது வலைக்கு விளக்கேற்றினால் இரவில் குறையும் ஆக்சிஜனும் ஈடாகிறது. பாசி வளரத்தான் போகிறது. அது நாம் சொல்லும் இடத்தில் வளரட்டும் என்பதே அவர் கையாண்ட தந்திரம்.

தொட்டிக்கு வெளியே

மேய்பவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலே ஒருமுறை காட்டியது. கரீபியன் கடலில் நீண்ட கறுப்பு முட்களை உடைய டயடிமா என்ற கடல் முள்ளெலி பாறைகளில் பாசியை மேய்ந்து வந்தது. 1983-ஆம் ஆண்டு ஜனவரியில் பனாமா கரையோரம் அவை சாகத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் கரீபியன் முழுவதும் அந்தச் சாவு பரவி, பெரும்பாலான இடங்களில் 93 விழுக்காட்டுக்கும் மேல் மடிந்தன. ஜமைக்கா தீவில் ஏற்கெனவே மேயும் மீன்களை மனிதர் அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். 1980-இல் ஒரு பெரும் புயலும் பவளங்களை நொறுக்கியிருந்தது. 1977-இல் அங்கே கடலடிப் பாறைப் பரப்பில் சராசரி 52 விழுக்காடு உயிர்ப் பவளம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் 3 விழுக்காடு. பாசியோ 4-லிருந்து 92 விழுக்காடாகிவிட்டது. 2022-இலும் அதே முள்ளெலிகள் கூட்டமாக மடிந்தன. நுண்ணிய சிலியேட் ஒட்டுண்ணி ஒன்று காரணம் என்று அடுத்த ஆண்டு கண்டறிந்தார்கள். 1983-இன் கொலையாளியை அந்நாளில் யாராலும் பிடிக்க முடியவில்லை.

நம் கரையிலும் ஒரு கதை உண்டு. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மண்டபம் பகுதியில் காப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசியைக் கரையோர மக்கள் பயிரிட்டு வந்தார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் காராஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. பல குடும்பங்களுக்கு இது சோறு போட்டது. ஆனால் 2008-ஆம் ஆண்டு குருசடைத் தீவருகே இப்பாசி உயிர்ப் பவளங்களின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். போர்வைக்குக் கீழே ஒளி இல்லை. ஒளி இல்லையேல் பவளத்தினுள் வாழும் நுண்பாசி உணவு தயாரிக்க முடியாது. பவளம் பட்டினி கிடந்து சாகும். கையால் பறித்து அகற்றினார்கள். இதுவோ துண்டிலிருந்து தழைக்கும் இனம். விட்டுப்போன துண்டுகள் மீண்டும் வளர்ந்தன. தொட்டியில் நீங்கள் படும் அதே பாடு, கடலளவில்!

இன்னொன்று. அந்தத் தீவுகளிலிருந்து தொட்டிக்காகப் பாறையோ பவளமோ எடுத்துவரலாமே என்று உங்களில் யாருக்காவது தோன்றினால் விட்டுவிடுங்கள். கற்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. செயற்கைப் பாறையில் குடியேற பாக்டீரியாக்களுக்கு எந்த மறுப்பும் இல்லை.

பள்ளித் தொட்டிக்கு வருவோம். எஞ்சிய கோமாளி மீனை ஆசிரியர் தம் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனார். வெளுத்த பாறைகளை மாணவர்கள் தனி உப்புநீரில் வைத்து, உள்ளிருந்த அழுகல் தீரும்வரை நீரை மாற்றி மாற்றிக் காத்திருந்தார்கள். தினமும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதித்துக் கரும்பலகையின் மூலையில் எழுதினார்கள். இரண்டும் பூஜ்யமானது ஏழாம் வாரம். அன்றுதான் மீன் திரும்பி வந்தது. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பறித்த பாசியைத் துணியில் பிழிந்து, ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்து, அந்த வாரம் போட்ட உணவின் எடைக்கு எதிரே குறித்து வைக்கிறார்கள். பிறகு நன்னீரில் உப்புப் போக அலசி, தோட்டத்துச் செம்பருத்திக்கு உரமாகப் போடுகிறார்கள். கப்பலின் பாய்மரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சையை விட்டு வைத்திருக்கிறார்கள். கேட்டால், “நத்தைக்கு மதியச் சாப்பாடு சார்” என்கிறார்கள்.